கண்டிஷன் கையெழுத்தும் ஓ.பி. சீட்டும்: ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை, நெல்லைப் பக்கம் எங்கே இடிக்குது?

பாளை குமாஸ்தா:
கஞ்சா சின்ன அளவு, அதாவது 1 கிலோவுக்குக் குறைவா உள்ள கேஸுக்கு என்.டி.பி.எஸ்.ங்கிற போதைப்பொருள் சட்டத்தில் ரெண்டு வாசல் உண்டு. தானா சிகிச்சைக்கு வர்ற போதை அடிமைக்குப் பிரிவு 64ஏ. வழக்கிலிருந்தே விலக்கு கிடைக்கும், சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கலாம். தீர்ப்புக்கு அப்புறம்னா பிரிவு 39. சம்மதம் வாங்கி, பாண்டு (உறுதிப் பத்திரம்) எழுதி அனுப்புவாங்க, ஒரு வருஷத்துக்குள் சிகிச்சை அறிக்கை கோர்ட்டுக்கு வரணும். ரெண்டுக்குமே அரசு நடத்துற அல்லது அங்கீகரிச்ச இடம்தான் செல்லும். வீட்டுக்காரங்க பதறிப்போய் கிடைச்ச மையத்தில் பணம் கட்டிச் சேர்த்துடுறாங்க. அங்கீகார உத்தரவு நகலை முதல் நாளே வாங்கலைன்னா, பின்னால் அந்த மையம் லெட்டர்பேடில் தர்ற கடிதத்துக்கு மதிப்பில்லை.

அடுத்த வில்லங்கம் பெயில் கண்டிஷன். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யும் காலையில்தான். அம்பாசமுத்திரத்து ஆளு ரெண்டில் ஒண்ணைத்தான் பிடிக்க முடியும். ஏட்டையா வாயால் "சரி, போயிட்டு வா"ன்னு சொன்னது ரெக்கார்டில் நிக்காது. மறுபரிசோதனைத் தேதிகள் எழுதின ஓ.பி. சீட்டோட, பெயில் கொடுத்த அதே கோர்ட்டில் தளர்வு மனு போடணும். ஹைகோர்ட் மதுரைக் கிளை கொடுத்த பெயில்னா மதுரைக்குத்தான் போகணும். உள்நோயாளியா இருக்கிற நாளுக்குக் கையெழுத்து விலக்கும் அதே மனுவில் கேளுங்க. இதை மறந்துதான் பாதிப் பேர் மாட்டுறாங்க.

வள்ளியூர் வக்கீல்:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. ஜெயிலுக்குப் பதிலா நன்னடத்தை பாண்டில் விடச் சொல்லி 1958 நன்னடத்தைச் சட்டத்தைக் கேக்கிறவங்க முதலில் என்.டி.பி.எஸ். 33ஐப் படிக்கணும். பதினெட்டு வயசு தாண்டினவனுக்கு 26, 27 பிரிவுகளில் மட்டும்தான் அது உண்டு. கஞ்சா குடிச்சதுக்கு 27இல் போட்டால் வாய்ப்பிருக்கு. வச்சிருந்ததுக்கு 20இல் போட்டால் கிடையாது. குற்றப்பத்திரிகையில் பிரிவு எப்படி வருதுங்கிறதிலேயே பாதி முடிஞ்சிடுது. நன்னடத்தை பாண்டை முதல் தடவை மீறினால் 50 ரூபாய் வரை அபராதத்தோட பாண்டைத் தொடர விடக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. பெயில் கண்டிஷனில் அந்த நெளிவு சுளிவு கிடையாது. பெயில் ரத்து மனு வந்துடும்.

போனில் லொகேஷன் கேட்டால்: கூகுள் மேப் பின்னைப் போலீஸுக்குப் பகிரச் சொல்ற பெயில் கண்டிஷன் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2024 ஜூலை 8 அன்னைக்கே ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் சொல்லிடுச்சு. இங்கே எழுத்தில் இல்லாமல் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் கேப்பாங்க. அது எட்டு மணி நேரத்தில் தானா நின்னுடும். காரையாறு பக்கம் சிக்னலும் விட்டு விட்டு வரும். "ஆள் மறைஞ்சுட்டான்"னு எழுத இது போதும். உத்தரவில் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

வார்டு நர்ஸ்:
குடி நோயாளியை ரிமாண்ட் பண்ணும்போது கடைசியா எப்போ குடிச்சான்னு மாஜிஸ்திரேட் முன்னாடியே சொல்லிப் பதிவு பண்ண வைங்க. குடி நின்னதும் வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள்ள வரும், பிதற்றலும் நடுக்கமும் 48 முதல் 72 மணியில். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்பிராம் மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்காதீங்க. மேல குடிச்சா பிரஷர் இறங்கிடும். மையத்தில் சங்கிலி போட்டுக் கட்டினால், அது 2017 மனநலச் சட்டப்படி குற்றம்.

போதை இருக்கான்னு பாக்கிற சிறுநீர்ப் பட்டையைப் பத்தி: கர்ப்பச் சோதனையில் ரெண்டு கோடுன்னா பாசிட்டிவ், இதில் தலைகீழ். கன்ட்ரோல் கோடு மட்டும் வந்தால் பாசிட்டிவ், ரெண்டும் வந்தால் நெகட்டிவ். தினமும் இழுத்தவனுக்குக் கஞ்சா நிறுத்தின பிறகும் ஒரு மாசம், சில நேரம் அதுக்கும் மேல காட்டும். அதை வச்சு "திரும்ப ஆரம்பிச்சுட்டான்"னு எழுதக்கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, குருமாவில் அரைச்ச கசகசா, ரெண்டுமே ஓப்பியம் பாசிட்டிவ் காட்டலாம். டேபென்டடால்ங்கிற வலி மருந்தை ஊசியா போட்டவனோ அதே பட்டையில் சுத்தமா வந்துடுவான்.

பாளை குமாஸ்தா:
அப்போ அறிக்கையை எதிர்க்க என்ன வழி, சிஸ்டர்?

வார்டு நர்ஸ்:
பாசிட்டிவ் சொன்ன அன்னைக்கே, சாப்பிடுற மருந்துச் சீட்டைக் காட்டி, அதே சிறுநீர் மாதிரியை ஜிசி-எம்எஸ்ங்கிற உறுதிப்படுத்தும் லேப் சோதனைக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கொடுங்க, நகலில் சீல் வாங்குங்க. மறுநாள் போனால் மாதிரியைக் கொட்டியிருப்பாங்க.