ஸ்டார் பிளேயர் எந்த நொடியில் பந்தை விடணும்?

தர்மபுரியிலிருந்து:

நம்ம பக்கத்து பாஸ்கெட்பால் டோர்னமென்ட்களில் அடிக்கடி பார்க்கிறது இது. டீமில் ஒருத்தன் நல்லா ஆடுவான். மற்ற நாலு பேரும் அவன் கையையே பார்த்துக்கிட்டு நிற்பாங்க. முதல் குவார்ட்டரில் 12 பாயின்ட் அடிச்சிடுவான். மூணாவது குவார்ட்டரில் எதிரணி அவன் மேல ரெண்டு பேரை விட்டதும் மொத்த டீமும் படுத்துடும். உடனே அவனை சுயநலக்காரன்னு திட்டுறாங்க. அது நியாயமில்லை. பந்தை எப்போ விடணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை.

எதிரணியில் உதவிக்கு வர்ற ரெண்டாவது ஆளின் காலைப் பாருங்க. தன் ஆளை விட்டுட்டு, முழு எடையோட ஒரு காலை நம்ம பக்கம் ஊன்றுறான் பாருங்க, அப்போ பாஸ். ஒரு டிரிபிள் (பந்தைத் தரையில் ஒரு தட்டு) முன்னாடியே விட்டா அவன் திரும்பி ஓடித் தன் ஆளைப் பிடிச்சிடுவான். ஒரு டிரிபிள் தாமதிச்சா நாம அந்தரத்தில் இருப்போம், முகத்துக்கு முன்னாடி நாலு கை இருக்கும், பந்து எதிரணிக்குப் போயிடும். அதனால குதிச்சுக்கிட்டே பாஸ் வேண்டாம். ஜம்ப் ஸ்டாப் போட்டு, அதாவது ரெண்டு காலையும் ஒண்ணா ஊன்றி நின்னு, ரெண்டு காலும் தரையில் இருக்கும்போதே கொடுங்க.

ரெண்டாவது ஆள் வரவே இல்லையா? அப்போ பாஸ் கொடுக்கிறதுதான் தப்பு. நேரா ரிங்குக்குப் போகணும். எதிரணிக்கு அந்தக் குவார்ட்டரில் 4 டீம் ஃபவுல் ஆகியிருந்தா இன்னும் நல்லது, அடுத்த ஃபவுலிலிருந்து 2 ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காம நின்னு எறியலாம்.

ஓசூரிலிருந்து:

அந்தக் காலுக்குப் பெரிய உதாரணம் அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வின் 1997 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், சிகாகோவுக்கும் யூட்டாவுக்கும். ஸ்கோர் 86-86. யூட்டா அணியின் ஜான் ஸ்டாக்டன், தான் காக்க வேண்டிய ஸ்டீவ் கெர்ரை விட்டுட்டு சிகாகோவின் ஸ்டார் மைக்கேல் ஜோர்டன் பக்கம் வந்தார். ஜோர்டன் பந்தைக் கெர்ருக்குக் கொடுத்தார். 5 நொடி மிச்சம் இருக்கும்போது கெர் எறிஞ்ச பந்து கூடையில் விழுந்தது.

ஆனா அந்தப் பழக்கம் ஒரே நாளில் வரலை. 1986-87 சீசனில் ஜோர்டனின் சராசரி ஆட்டத்துக்கு 37.1 பாயின்ட். பிளே-ஆஃப் முதல் ரவுண்டிலேயே சிகாகோ 3-0 என்று தோற்றது. 1989இல் ஃபில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆன பிறகு, உதவிப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரின் டிரையாங்கிள் (முக்கோண) முறையில் பந்து எல்லார் கைக்கும் போக ஆரம்பிச்சது. 1991 ஃபைனல்ஸ் கடைசி ஆட்டத்தில் ஜோர்டன் 30 பாயின்ட் எடுத்தார், 10 அசிஸ்டும் (கூடையில் முடிஞ்ச பாஸ்) கொடுத்தார். கடைசி நிமிடங்களில் எதிரணி லேக்கர்ஸ் அவரைச் சூழ்ந்தப்போ வெளியே நின்னு வரிசையா போட்டவர் சிகாகோவின் ஜான் பாக்ஸன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

பாக்ஸன் மாதிரி ஒருத்தன் கடைசியில் போடணும்னா ஆட்ட ஆரம்பத்திலேயே பந்து அவன் கைக்குப் போயிருக்கணும். 35 நிமிடம் பந்தைத் தொடாதவனுக்குக் கை சூடாகியிருக்காது. முதல் குவார்ட்டர் முடியறதுக்குள்ள நாலு பேருக்கும் அவங்கவங்க இடத்திலிருந்து ஒரு ஷாட்டாவது கிடைக்கணும். தவற விட்டவனுக்கு அடுத்த சான்ஸிலேயே மறுபடி கொடுங்க. இதை நான் அழுத்திச் சொல்றேன்: ஒரு மிஸ்ஸுக்கு அப்புறம் ஸ்டார் முகத்தைச் சுளிச்சா, அந்தப் பையன் அடுத்த தடவை திறந்து நிற்கும்போதும் ஷாட் எடுக்க மாட்டான்.

ஷாட் எடுக்கக் கிடைக்கிற 24 நொடி கடிகாரத்தில் 14 இருக்கும்போதே ஸ்டார் உள்ளே பாய ஆரம்பிக்கட்டும். 5 நொடி இருக்கும்போது தொடங்கினா, பாஸ் வாங்குறவனுக்கு அவசர ஷாட்தான் மிச்சம்.

நம்ம சிமென்ட் கோர்ட்டுகளில் இன்னொண்ணு. செம்மண் தூசு படிஞ்சா பௌன்ஸ் பாஸ் (தரையில் தட்டிக் கொடுக்கிறது) வழுக்கிக்கிட்டு, நினைச்சதைவிடத் தாழ்வா போகும். கார்னருக்கு, தரையில் படாம நெஞ்சு உயரத்தில் போற செஸ்ட் பாஸே போடுங்க. டைம்-அவுட்டில் பந்தை ஈரத் துண்டால துடைச்சு, அடுத்து காய்ந்த துண்டால ஒரு தடவை. சாயங்காலம் காற்று அடிச்சா கார்னர் ஷூட்டரை மூணு பாயின்ட் கோட்டுக்கு ஒரு அடி உள்ளே இழுத்து நிறுத்துங்க. மூணு பாயின்ட் ரெண்டாகும், பரவாயில்லை.

பயிற்சிக்கு 3க்கு 3 ஆடவிடுங்க. ஸ்டார் தானே போட்டா 1 பாயின்ட், அவன் பாஸில் மற்றவன் போட்டா 2. முதலில் 11 எடுக்கிற டீம் ஜெயிச்சது.