ஃபயர்வாலை நீக்கியும் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்கவில்லை, உதவுங்கள்

தேனிக்காரன்:
வீட்டில் ஒரு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப், இரண்டிலும் விண்டோஸ் 11. டெஸ்க்டாப்பில் இருக்கும் கடைக் கணக்கு ஃபோல்டரை மனைவி லேப்டாப்பிலிருந்து திறந்து வேலை பார்ப்பார். போன வாரம் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்க்டாப்பில் ஒரு இலவச ஃபயர்வால் போட்டேன், நெட்வொர்க்கில் வருவதையும் போவதையும் தடுக்கும் நிரல். அன்றிலிருந்து ஃபோல்டர் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, 35 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டுகிறது. அந்த ஃபயர்வாலை நீக்கியும் அதே கதைதான். விண்டோஸோடு வருவதே போதுமா?

பழைய அட்மின்:
முதலில் வைஃபையும் ஈதர்நெட்டும் (கேபிள் இணைப்பு) பப்ளிக் என்று இருக்கிறதா, பிரைவேட் என்று இருக்கிறதா பாருங்கள் தம்பி. பப்ளிக் என்றால் ஃபைல் ஷேரிங்கை விண்டோஸ் அடைத்துவிடும். அப்புறம், வெளி ஃபயர்வால் போட்டால் விண்டோஸ் தன்னுடையதை அணைத்து வைக்கும். நீக்கியபின் அது திரும்ப ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தேனிக்காரன்:
இரண்டும் பிரைவேட்தான் அண்ணா. ஃபயர்வாலும் ஆனில் இருக்கிறது. இணையம், பிரிண்டர் எல்லாம் ஓடுகிறது. டெஸ்க்டாப்புக்குள் நுழைய மட்டும்தான் முடியவில்லை.

பழைய அட்மின்:
அப்படியானால் நீக்கிய ஃபயர்வாலின் மிச்சம் ஏதோ கிடக்கிறது. டெஸ்க்டாப்பின் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், ஈதர்நெட் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். டிக் போட்ட வரிகள் வரிசையாக இருக்கும். அதில் நீக்கிய ஃபயர்வாலின் பெயரில் ஒரு ஃபில்டர் (போக்குவரத்தை வடிகட்டும் டிரைவர்) இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிரலை நீக்கினாலும் டிரைவர் சில சமயம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

நள்ளிரவு:
ஆனால் வெளி ஃபயர்வால் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். விண்டோஸில் இருப்பது வெளியே போவதை இயல்பாகத் தடுக்காது. எந்த நிரல் எங்கே பேசுகிறது என்று கேட்டுக் கேட்டு விடுவது வெளி ஃபயர்வால்தான்.

பழைய அட்மின்:
கேட்கும், சரி. விண்டோஸின் சொந்த நிரலான எஸ்விசிஹோஸ்ட் வெளியே போகலாமா என்று இருபது தடவை கேட்டால், இருபத்தோராவது தடவை படிக்காமலே அனுமதி கொடுப்போம். நானே கொடுத்திருக்கிறேன். வெளியே போவதைத் தடுக்க விண்டோஸ் ஃபயர்வாலிலும் விதி எழுதலாம், அட்வான்ஸ்டு செக்யூரிட்டி பகுதியில். 2003இல் நெட்வொர்க் வழியே தானாகப் பரவும் பிளாஸ்டர் புழு பரவிய காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் ஆஃபில் கிடந்தது. 2004இல் சர்வீஸ் பேக் 2 வந்தபோதுதான் தானாகவே ஆனில் வந்தது. இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. வீட்டில் முன்னால் ரவுட்டரும் நிற்கிறது.

தேனிக்காரன்:
அண்ணா, நீங்கள் சொன்ன ஃபில்டர் அங்கேயே இருந்தது, டிக்கோடு! நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன், ஃபோல்டர் திறந்துவிட்டது. ஒரே ஒரு வீடியோ எடிட்டரை மட்டும் இணையத்துக்குப் போகவிடாமல் நிறுத்த வேண்டும்.

பழைய அட்மின்:
அதே அட்வான்ஸ்டு பகுதியில் அவுட்பவுண்ட் ரூல்ஸ், நியூ ரூல், புரோகிராம். அந்த எடிட்டரின் இஎக்ஸ்இ கோப்பைக் காட்டி பிளாக் கொடுங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று புரொஃபைலுக்கும் டிக் இருக்கட்டும்.