புதுப்பிப்பு: பிளஸ் டூ மகளின் படிப்பு நேரம்

பிளஸ் டூ படிக்கும் மகள் இரவு பதினொன்றரை வரை செய்முறைக்கான ரெக்கார்டு நோட்டே எழுதிக்கொண்டிருக்கிறாள், பாடம் படிக்க நேரமில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பாடத்துக்கு அரை மணி என்று போட்ட அட்டவணை நான்கே நாளில் கைவிட்டுப் போனது. “முதலில் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 70-இல் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கே 15. இது தெரிந்ததும் ரெக்கார்டு வேலையைச் சனிக்கிழமை மாலைக்குத் தள்ளிவிட்டாள். விடியற்காலை ஒன்றரை மணி நேரம் கணக்குகளுக்கு மட்டும்.

தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் அன்றைய மூன்று வேலைகளை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுகிறாள். மூன்றுக்கு மேல் கூடாது என்பது அவளே வைத்த விதி. நேற்றைய தாளில் “ஒளியியல், 5 கணக்கு” என்பதில் மூன்றுதான் முடிந்திருந்தது. மீதி இரண்டை இன்றைய தாளில் முதல் வரியாக எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஞாயிறன்று மூன்று மணி நேரம் வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை எழுதினாள். முதல் வாரம் ஓர் ஐந்து மதிப்பெண் வினா விடுபட்டது. இந்த வாரம் பத்து நிமிடம் மிச்சம்!

கரிம வேதியியல் சமன்பாடுகள்தான் இன்னும் நினைவில் நிற்கவில்லை. உங்கள் பிள்ளைகள் அவற்றை எப்படிப் படிக்கிறார்கள்?