வெறுங்கையோடு 1800-க்குப் போனால் முதல் வேலை என்ன?

கேள்வி: காலப்பயணம் சாத்தியம், ஆனால் பொருள் எதையும் கொண்டுபோக முடியாது. மண்டையில் இருப்பது மட்டும்தான். என்ன செய்வீர்கள்? புதையல், பந்தயம் பதில்கள் வேண்டாம்.

மறுமொழி 1: உப்பு-சர்க்கரைக் கரைசல். கொதிக்கவைத்து ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை 6, உப்பு அரை. காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்புதான். குளுக்கோஸ் இருந்தால் குடல் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சும், நீர் பின்னாலேயே போகும். வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டவும். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

மறுமொழி 2: அளவுதான் அங்கே சிக்கல். லிட்டர் பெரும்பாலான ஊர்களில் கிடையாது, கரண்டியும் ஆளுக்கொரு அளவு. தராசு போதும்: நீரின் எடையில் நாற்பதில் ஒரு பங்கு சர்க்கரை, அந்தச் சர்க்கரையில் எட்டில் ஒரு பங்கு உப்பு. சர்க்கரை அன்று விலை உயர்ந்த சரக்கு என்பதால் அரிசிக் கஞ்சியில் அதே உப்பைப் போடலாம். மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகிவிடும்.

மறுமொழி 3: செய்முறை சரி, நம்ப வைப்பது? 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் மற்ற மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். பிரசவ வார்டில் சாவு சட்டென்று குறைந்தது. அப்படியும் பலர் ஏற்கவில்லை. நோய்க்குக் காரணம் கிருமி என்ற கொள்கையை விளக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். நோயாளியைப் பிழைக்க வைத்துக் காட்டுங்கள்.

மறுமொழி 4: அதற்கு முன், பூமி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. இயந்திரம் இடத்தையும் கணக்கிடாவிட்டால் இறங்குவது வெற்றிடத்தில்தான்.