டெக்சாஸில் முதல் சைலன்சர்: நேராக மரையில் திருகுவதா, மவுண்டில் மாட்டுவதா?

டெக்சாஸுக்குக் குடிவந்த நம்மவர்களில் சிலர் இரண்டு மூன்று வருடம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரரோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போக ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்புறம், துப்பாக்கி முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, சைலன்சர் வாங்கப் போறேன். டைரக்ட் த்ரெட்டா, க்விக் டிடாச்சா?" பதில் சொல்வதற்கு முன் நான் கேட்பது, "என்ன விசாவில் இருக்கீங்க?"

இதைக் கடையில் யாரும் பொறுமையாக விளக்குவதில்லை. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். இதற்குச் சில விலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குக் கைகொடுப்பது அமெரிக்க மாநிலம் ஒன்று தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு பன்றி சுட 2019 முதல் டெக்சாஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் விசாவில் இருப்பவர்கள் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பன்றிக்குத் தேவையில்லை என்றாலும் உங்களுக்குத் தேவை. டெக்சாஸ்வாசிக்கு அது 25 டாலர். ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகும். துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தல் வரை போகும். 25 டாலரை மிச்சம் பிடித்து அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை.

இன்னொன்று, வேலை மாற்றம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களில் தனிமனிதர் சைலன்சர் வைத்திருக்க முடியாது. நம்மவர்கள் அதிகம் போகும் இடங்களும் அவைதான். அடுத்த வருடம் சான் ஹோசே போக வாய்ப்பிருக்கிறது என்றால் இப்போது வாங்காதீர்கள்.

சைலன்சருக்குக் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் கூட்டரசு வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. 1934-இலிருந்து இருந்த வரி அது. வரிதான் போயிற்றே தவிர பதிவு போகவில்லை. படிவம், கைரேகை, புகைப்படம், ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசுத் துறை) அனுமதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. "டெக்சாஸிலேயே செய்து டெக்சாஸிலேயே இருந்தால் பதிவு வேண்டாம்" என்று 2021-இல் வந்த மாநிலச் சட்டத்தைக் காட்டிச் சிலர் சொல்வார்கள். கூட்டரசுச் சட்டம் அதற்கெல்லாம் விலக்குத் தரவில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

டைரக்ட் த்ரெட் என்றால் பேரல் (குழல்) முனையில் இருக்கும் மரையிலேயே சைலன்சரை நேராகத் திருகுவது. தோட்டா அளவைப் பொறுத்து மரை மாறும்: 5.56-க்குப் பெரும்பாலும் 1/2-28 மரை; .308, 6.5 கிரீட்மோர் போன்றவற்றுக்கு 5/8-24. நடுவில் வேறு உறுப்பு எதுவும் கிடையாது. அதனால் எடை குறைவு, நீளம் குறைவு, விலையும் குறைவு. பேரலின் தோள் செங்குத்தாக வெட்டப்பட்டு, சைலன்சர் அதில் முழுதாக உட்கார்ந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். நசுங்கும் வகை வாஷரை மட்டும் நடுவில் போட்டுவிடாதீர்கள். அது ஒரு பக்கமாக நசுங்கி சைலன்சரைச் சாய்த்துவிடும். சாய்ந்தால் தோட்டா உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டில் உரசும்.

இதன் குறை, சுடச் சுடத் தளரும். எனக்கே நடந்தது. முதல் வருடம் ரேஞ்சில் பத்துப் பன்னிரண்டு குண்டு சுட்ட பிறகு இலக்கில் ஓட்டைகள் தள்ளித் தள்ளி விழ ஆரம்பித்தன. ஸ்கோப் கோளாறு என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் வந்து, துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, கையுறையோடு சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார். அரைச் சுற்று கழன்றிருந்தது. இன்னும் நாலு குண்டு சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து ஐந்து குண்டுக்கு ஒருமுறை சேம்பரை (குண்டு உட்காரும் அறையை) காலி செய்து இறுக்கிப் பார்க்கிறேன்.

க்விக் டிடாச்சில் முதலில் ஒரு பிரேக்கையோ (பின்னுதைப்பைக் குறைப்பது) ஃபிளாஷ் ஹைடரையோ (தீப்பொறியை மறைப்பது) மவுண்டாகப் பேரலில் உறுதியாக ஒட்டிவிடுகிறார்கள். சூட்டைத் தாங்கும் ராக்செட் போன்ற பசைதான் இதற்கு. சாதாரண மரைப் பசை சூட்டில் இளகிவிடும். சைலன்சர் அந்த மவுண்டில் பூட்டிக்கொள்ளும். தானாகக் கழலாது என்பதே இதன் பெரிய பலம். மூன்று துப்பாக்கிக்கு ஒரே சைலன்சர் என்றால் இதுதான் வசதி. ஆனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி மவுண்டு வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 100 டாலர். முனையில் எடையும் நீளமும் கூடும். பன்றிக்காகப் புதருக்குள் நுழையும்போது அது தெரியும்.

'க்விக்' என்ற பெயரை அப்படியே நம்ப வேண்டாம். சுட்ட பிறகு சைலன்சர் தொட முடியாத சூட்டில் இருக்கும். ஆறுவதற்குள் கழற்ற எந்த வகையானாலும் கையுறை வேண்டும். சுத்தம் செய்யாமல் விட்டால் கரி படிந்து மவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிடிகருவி போட்டுத் திருக வேண்டியதுதான்.

என் முடிவு இது. உங்களிடம் இருப்பது, ஒவ்வொரு குண்டையும் கையால் இழுத்து ஏற்றும் ஒரே ஒரு போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி என்றால் டைரக்ட் த்ரெட் போதும். மாட்டியபடியே ஸ்கோப்பைச் சரிசெய்து, எப்போதும் மாட்டியே சுடுங்கள். மாட்டினால் ஓர் இடம், கழற்றினால் வேறு இடம் என்று குண்டு விழுவது இரண்டு வகையிலும் உண்டு. அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏஆர் வகைத் துப்பாக்கியில் வேகமாக, நிறையச் சுடுபவர்கள், இரண்டு மூன்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் க்விக் டிடாச் பக்கம் போகலாம். எதுவென்று தெரியவில்லையா? பின்பக்கம் 1.375-24 மரை உள்ள 'ஹப்' வகை சைலன்சராகப் பார்த்து வாங்குங்கள். இன்று டைரக்ட் த்ரெட் அடாப்டர் போட்டுக்கொள்ளலாம், நாளை மனம் மாறினால் மவுண்டை மட்டும் மாற்றினால் போதும். பதிவானது சைலன்சரின் உடல்தான், அதனால் மவுண்டை மாற்ற மறுபடி படிவம் தேவையில்லை. புதுப்பித்துப் புதுப்பித்து அலைய நேரமில்லாத நம் வாழ்க்கைக்கு இதுவே சரியான வழி என்பது என் எண்ணம். எதை மாட்டினாலும், முதல் குண்டுக்கு முன், சைலன்சர் குழலோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று காட்டும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லி கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கேளுங்கள்.

சத்தம் முழுதாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ரைஃபிள் வெடிப்பு 160 டெசிபலைத் தாண்டும். சைலன்சர் அதில் 25, 30 குறைத்தால் நல்லது. காதுக்குப் பாதுகாப்பு எல்லை என்று சொல்லப்படும் 140-க்குப் பக்கத்தில்தான் அது வந்து நிற்கும். தோட்டா ஒலியின் வேகத்தை மிஞ்சிப் போவதால் எழும் 'படார்' அப்படியே இருக்கும். காதடைப்பான் போட்டுக்கொண்டே சுடுங்கள்.

வீட்டில் மனைவிக்கும் பெட்டகத்தின் சாவி இருக்கும் இடம் தெரியும் என்றால் உங்கள் தனிப்பெயரில் பதியாமல், டிரஸ்ட் (சொத்தைப் பலர் பெயரில் வைக்கும் சட்ட ஏற்பாடு) போட்டு இருவர் பெயரையும் சேருங்கள். உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் அது அவர் வசம் இருப்பதாகக் கணக்கு. டிரஸ்டில் இருவருமே கைரேகை, புகைப்படம் தர வேண்டும். அவரும் விசாவில் இருந்தால் மேலே சொன்ன உரிமம் அவருக்கும் வேண்டும். உங்கள் முன்னிலையில் நண்பர் ஒருவர் சுட்டுப் பார்ப்பதில் தவறில்லை, அவருக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை என்றால். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

ஊருக்குப் போகும்போது சைலன்சரைப் பெட்டியில் வைக்கும் எண்ணமே வேண்டாம். ஏற்றுமதி அனுமதி இல்லாமல் அது அமெரிக்காவை விட்டு வெளியேறக் கூடாது. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்காகிவிடும். நான் ரேஞ்சுக்கென்றே தனியாக ஒரு பச்சைப் பை வைத்திருக்கிறேன். கராஜை விட்டு அது வேறெங்கும் போவதில்லை.