பதில் எழுதும் முன் கேட்டுப் பார்த்தது உண்டா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கட்டாய வாக்குப்பதிவு பற்றி இணையத்தில் நடந்த ஒரு விவாதம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆஸ்திரேலியக் கூட்டாட்சித் தேர்தல்களில் 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம், தவறினால் அபராதம். அதை மெச்சி ஒருவர் எழுத, இன்னொருவர் "இது அநியாயம், நான் எதிர்க்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்தார். உடனே 'பொறுப்பில்லாதவர்', 'ஜனநாயகத்தின் எதிரி', 'எந்தக் கட்சி ஆள் என்று தெரிகிறது' என்றெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தன. அந்த வரியில் காரணமே சொல்லப்படவில்லை. ஆளுக்கொரு காரணத்தை அவர் வாயில் திணித்து, அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதில் எது அநியாயமாகப் படுகிறது உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டேன். நீண்ட பதில் வந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட தாயைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர் அவர். வாக்களிக்க ஆசை இருந்தும் வீட்டைவிட்டு நகர முடியாமல் போனவர். போக முடியாதவருக்கும் போக மனமில்லாதவருக்கும் ஒரே தண்டனையா என்பதுதான் அவருடைய கேள்வி!

அதன் பிறகே பேச்சு உருப்பட்டது. தக்க காரணம் சொன்னால் அங்கே அபராதம் இல்லை, அஞ்சல் வாக்கு உண்டு, தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கவும் வழி உண்டு என்று ஒருவர் விளக்கினார். "காரணம் தக்கதா இல்லையா என்று தீர்மானிப்பது ஓர் அதிகாரிதானே?" என்று இவர் மடக்கினார். கடைசிவரை அவர் மாறவில்லை. நானும் கட்டாய வாக்குப்பதிவை ஆதரிப்பவன்தான். ஆனால் எந்த இடத்தில் பிரிகிறோம் என்பது இருவருக்கும் துல்லியமாகத் தெரிந்துவிட்டது.

எதிரில் இருப்பவர் சொன்னதை, அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் நம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் ஒரு முறையை முன்வைத்தார். நேர்ப்பேச்சைவிட எழுத்தில் இது எளிது. உடனே வாய் திறக்க வேண்டிய நெருக்கடி இல்லை. மேலே போய் மறுபடி படித்துக்கொள்ளலாம்.

மறுமொழி 1

ட்விட்டர் 2020-இல் ஒரு சோதனை செய்தது. கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போனால், 'முதலில் படிக்கிறீர்களா?' என்று கேட்கும். அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியதாக அந்நிறுவனமே சொன்னது. எனக்கு இது நம்பிக்கை தருகிறது. பலரிடம் இருப்பது கெட்ட எண்ணமில்லை, அவசரம்தான்.

மறுமொழி 2

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பெண்களுக்கான இட ஒதுக்கீடு பற்றிய விவாதத்தில் ஒருவர் திரும்பத் திரும்ப "ஆதாரம்?" என்றார். பொறுமையாகக் கொடுத்தேன். அதைத் தொடவே இல்லை, அடுத்தும் "ஆதாரம்?". அவர் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்பதுபோல் காட்டிக்கொண்டு என்னைக் களைப்படைய வைத்தார். 'முதலில் கேளுங்கள்' என்ற அறிவுரையும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் பக்கமே வருகிறது. முதலில் கேட்க வேண்டியவர், பேசப்படும் சட்டத்தால் எதையும் இழக்காதவர் அல்லவா?

இப்போது ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: நான் சொன்ன பதிலின் சுவடு அவருடைய அடுத்த கேள்வியில் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு நேரமானாலும் பேசுகிறேன். இல்லையென்றால் விலகிவிடுகிறேன்.