காலுறையையும் கழற்றச் சொன்னார்கள்

பிறைவாசி:
மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபம். எங்கள் தெருப் பெண், பதினான்கு வயது, பிறவியிலேயே வலப்பாதம் உள்பக்கம் மடங்கியவள். அரசு மருத்துவமனையில் அறுவைக்குப் பெரிய செலவில்லை. எலும்பில் பொருத்தும் வளையச் சட்டத்துக்குத்தான் நன்கொடை திரட்டினோம். அட்டைக் காசோலை, பொன்னாடை, எல்லாம் தெரிந்ததுதான். படம் எடுக்கும்போது ஒருவர், “காலுறையையும் கழற்றும்மா, பாதம் தெரியட்டும்” என்றார். கழற்றினாள். பாதத்தின் வெளியோரம் நடந்து நடந்து காய்த்து, குதிகால்போலத் தடித்திருந்தது. சட்டென்று நல்ல காலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டாள். காசோலையின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

செந்தூல்காரி:
படம் இல்லாமல் யார் கொடுப்பார்கள்? என் தம்பி மகனின் கால் படம் நாளிதழில் வந்த பிறகுதான் பத்தும் இருபதுமாக வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்தது. ஒரு மூதாட்டி மைலோ டின் நிறையச் சில்லறை கொண்டுவந்தார், எண்ணி முடிக்க அரைமணி ஆனது. கூச்சம் பார்த்தால் கால் நேராகுமா?

ஓய்வுபெற்ற தாதி:
பதினான்கு வயதுவரை ஏன் விட்டார்கள்? சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது இது. பிறந்த சில வாரங்களில் கொண்டுவந்தால் வாரம் ஒரு மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டில் பாதம் திரும்பிவிடும். பெரும்பாலும் குதிகால் தசைநாரில் சிறு வெட்டும் தேவைப்படும். டாக்டர் பொன்செட்டி வகுத்த முறை. பிறகு கம்பி இணைத்த காலணி: முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கைந்து வயதுவரை தூங்கும்போது. கெடுவது இங்கேதான். பிள்ளை அழுகிறதென்று பாட்டி கழற்றிவிடுவார், பாதம் பழையபடி மடங்கும். எண்ணெய் தேய்த்து நீவிப் பயனில்லை. என் அனுபவமா? மாவுக்கட்டோடு பிள்ளையைத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தூக்கிப்போய், கட்டை ஊறவைத்துக் கொண்டுவந்தார் ஒரு தாய். அவ்வளவுதான்.

பிறைவாசி:
தாதி அம்மா, நான் சொல்ல வந்தது அதுவல்ல. கட்டுப் போட்டார்கள்தான்; தோட்டத்திலிருந்து வாரந்தோறும் இரண்டு பஸ் மாறி வர முடியாமல் நான்காவதோடு நின்றுவிட்டது. செந்தூல் அக்கா, காசு வந்தது, பாதமும் நேரானது, மறுக்கவில்லை. போன மாதம் படகுத்துறையில் அவளைப் பார்த்தேன். வலப்பாதம் இன்னும் சிறியதுதான். இரண்டு ஜோடி வாங்கித்தான் ஒரு ஜோடி போடுகிறாளாம். பேச்சு முழுக்க என் கண் அந்தக் காலணிக்கே போனது. கவனித்துவிட்டாள். பையை முன்னால் இறக்கி வைத்தாள்.